கட்டம் மூன்று, ஆழம் அறுபத்திரண்டு

அத்திவாரத்துக்கு நூல் கட்டிய மூன்றாம் நாள்
அலவாங்கு கணீரென்றது.
போத்தல் ஓடு என்று கையால் வழித்தேன்.
பெருவிரல் கிழிந்தது.
கண்ணாடி இல்லை, வெள்ளைக் கல்.
நகத்தளவு. ஒரு பக்கம் பிறை,
மறுபக்கம் பல்லி முதுகு போல் பொளிந்திருந்தது.

பதினாறு கல் பொறுக்கிப்
பால்மா டின்னில் போட்டு வைத்தேன்.
"தூக்கி வீசு, இல்லாட்டி வேலை நிக்கும்"
என்றான் சடையன்.
வீசவில்லை. வேலை நின்றது.
வாத்தியார் பார்த்தார், யாருக்கோ போன் போட்டார்,
பண்டாரவளைப் பக்கமிருந்து ஜீப் ஏறி வந்தது
கருங்கானு டிவிசனுக்கு.

இந்துனில் மாத்தயா மரியாதையான மனிதர்.
சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் குழியில் இறங்கினார்.
என் மஞ்சள் நூலுக்குக் குறுக்கே
தன் வெள்ளை நூலைக் கட்டினார்.
ஏழு பேர்ச்சு பன்னிரண்டு கட்டமாயிற்று.
என் குசினி விழுந்தது மூன்றாம் கட்டத்தில்.

கரண்டியால், பிறகு பிரஷ்ஷால்,
பிறகு வாயால் ஊதி ஊதி எடுத்தார்கள் மண்ணை.
கொந்தரப்புக்கு நான் ஒரு நாளில் வெட்டுவது
அவர்களுக்கு ஒரு மாசம்.
கருகிய கொட்டைத் தோல் வந்தது.
சுட்ட களிமண், கம்பு பதிந்த தடத்தோடு.
அரைத்து அரைத்துக் குழிந்த ஒரு கல்;
அதைப் பார்த்ததும் என் தோள்பட்டை வலித்தது.

"பத்தாயிரம் வருசத்துக்கு மேல" என்றார்.
"மழைக்கு வந்து வெயிலுக்குப் போற ஆக்கள்.
பிறகு ஒருக்கா, போகல்ல."
போகாதது எப்படித் தெரியும்?
குழிச்சுவரைக் காட்டினார்.
சாம்பல், செம்மண், சாம்பல், செம்மண்.
அதற்கு மேலே செம்மண்ணே இல்லை.
சாம்பல் மேல் சாம்பல் மேல் சாம்பல்.

ஒரு நாள் எரிந்தால் நெருப்பு.
எரிந்த இடத்திலேயே எரிந்தால் அடுப்பு.

அன்றிரவு லயத்தில்
எங்கள் தகரக் கூரையின் உள்பக்கத்தை
விளக்கைத் தூக்கிப் பார்த்தேன்.
பூட்டனின் தகப்பன் மூட்டிய புகை
இன்னும் தொட்டால் ஒட்டும்.
சுரண்டினால் எத்தனை படையோ.
ஆனாலும் கடிதம் வந்தால்
தோட்டத்து ஆபீஸ் சன்னலில்தான் காயும்.
காணிப் பத்திரத்துக்கு எங்கள் பக்கம் பெயர் உறுதி.
அது கைக்கு வரும்வரை
எதுவும் உறுதியில்லை.

என் ரத்தம் பட்ட கல்லை
உறையில் போட்டு மாத்தயா எழுதினார்:
கட்டம் மூன்று. ஆழம் அறுபத்திரண்டு. படை நான்கு.
திகதி. கையெழுத்து.
சிரித்துவிட்டேன்.
"கல்லுக்கு விலாசம் கிடைச்சிருச்சு மாத்தயா."
அவருக்கு விளங்கவில்லை, அல்லது விளங்கியது.
எழுதிய திகதியின் மேலேயே
திரும்பவும் திகதியை எழுதினார்.

முதலில் போகாதவள் யார்?
கூட்டம் கூடையைத் தூக்கியிருக்கும்.
மூடுபனி அடிவாரத்துக்கு இறங்கியிருக்கும்.
அவள் எழவில்லை.
பிள்ளைக்குக் காய்ச்சலோ,
துப்பிய கொட்டை முளைத்ததைக் கண்டுவிட்டாளோ,
அல்லது சும்மா இடுப்பு நோவோ.
நீங்க போங்க என்று
என்ன மொழியிலோ சொல்லியிருப்பாள்.
காலநிலை மாறியது காரணம் என்கிறார் மாத்தயா.
எனக்கு இடுப்புதான் சரியாகப் படுகிறது.

மழைக்கு முன் குழியை மூடிவிட்டுப் போனார்கள்.
வீட்டை நாலடி கீழே தள்ளிக் கட்டும்படி கடிதம்;
அதுவும் ஐந்து நாள் சன்னலில் காய்ந்தது.
சீமெந்து மூட்டை இறுகிப் பாறையாயிற்று.
சுவர் எழும்பவில்லை.

நாலடி கீழே, கூரையில்லாத குசினியில்,
மூன்று கல் கூட்டினேன்.
ஈர மிலாறு மூன்று தரம் அணைந்தது.
நாலாம் தரம் பிடித்தது.
"வீடே இல்ல, என்ன கூத்து இது"
என்றபடி சடையன் குந்தினான்,
தேத்தண்ணியை ஊதிக் குடித்தான்.

நாளைக்கும் இங்கதான் என்றேன்.

குவளையைக் கவிழ்த்து வைத்தான்.
"அப்ப சீனி டின்னையும்
இங்கயே வச்சிரு."